கிளியோபாட்ரா (1963): ஊர்வலம் சரி, அரசாட்சி எங்கே?

மிளிதேன் டீச்சர்

இந்தப் படத்தில் எகிப்து ராணி கிளியோபாட்ராவாக நடித்த எலிசபெத் டெய்லருக்கு மட்டும் 65 உடைகள். படம் முடிந்து எழுந்தபோது அதில் பாதியை என்னால் வரைந்தே காட்ட முடியும். தங்கச் சிறகு வைத்தது, நீலம், மஞ்சள், கறுப்பு என்று அப்படி மனதில் பதிந்துவிட்டன. ஆனால் இந்த அம்மாள் நாட்டை எப்படி ஆண்டாள் என்று என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டால், படத்தை வைத்து நாலு வரி சொல்ல முடியாது. என் புகார் இவ்வளவுதான். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

பார்த்தது கோத்தகிரியில், நண்பர் வீட்டு ஹாலில், புரொஜக்டர் வைத்து. நாலு மணி நேரத்துக்கும் மேலே ஓடும் முழுப் பிரதி. வெளியே ஆடி மழை, மேலே தகரக் கூரை. சீசர் பேசியதில் பாதி மழைச் சத்தத்தில் போய்விட்டது, சப்டைட்டில்தான் காப்பாற்றியது. கட்டபெட்டு, குன்னூர் பக்கம் போக வேண்டியவர்கள் கடைசி பஸ்ஸுக்காகச் சீசரைக் குத்திய கையோடு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் பார்த்த வரைக்கும் அது நல்ல படம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராணி ரோமுக்குள் வரும் காட்சி. முதலில் குதிரைகள், எக்காளங்கள், வில்லாளிகள். பிறகு ஆட்டக்காரர்கள், கலர் கலராகப் புகை, கூட்டமாகப் பறக்கும் பறவைகள். இத்தோடு முடிந்தது என்று நினைக்கும்போது வளைவுக்குள் நுழைய இடம் போதுமா என்று பயப்படும் அளவுக்கு ஒரு கறுப்பு ஸ்பிங்ஸ் சிலை வருகிறது. அதை நூற்றுக்கணக்கான அடிமைகள் கயிறு கட்டி இழுக்கிறார்கள். அதன் மடியில் உச்சி முதல் பாதம் வரை தங்கமாக அவளும் மகனும். அசையவே மாட்டாள், சிலைக்கு மேல் இன்னொரு சிலை. கீழே இறக்குகிறார்கள். சீசர் முன்னால் வந்து குனிகிறாள். நிமிரும்போது அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கண் சிமிட்டல்! அத்தனை ஆயிரம் பேர் கூட்டத்தையும் அந்த ஒரு சிமிட்டல் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. எங்கள் ஹாலில் கைதட்டினார்கள்.

சரி, அப்புறம்? கி.மு. 51இல் 18 வயதில் பட்டத்துக்கு வந்தவள், கி.மு. 30 வரை ஆண்டாள். இருபத்தோரு வருஷம். அதில் நைல் நதி பொய்த்த வருஷங்கள் உண்டு, பஞ்சம் உண்டு, அப்பா வைத்துவிட்டுப் போன ரோமானியக் கடன் உண்டு. அவள் காலத்து வெண்கலக் காசுகளில் 80, 40 என்று மதிப்பைப் பொறித்தார்கள். உலோகத்தின் எடை என்னவானாலும் அரசு சொன்ன மதிப்புக்குக் காசு ஓடியது. கி.மு. 33ஆம் ஆண்டு பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய ஆணை ஒன்று பெர்லினில் இருக்கிறது. சீசருக்குப் பிறகு அவள் காதலனான ரோமானியத் தளபதி ஆண்டனியின் பக்கம் இருந்த ரோமானியன் ஒருவனுக்கு, வருஷத்துக்கு 10,000 அர்தபா (எகிப்திய அளவை) கோதுமையை வரியில்லாமல் ஏற்றுமதி செய்யவும் 5,000 ஜாடி மது இறக்குமதி செய்யவும் சலுகை. கீழே ஒப்புதலாக ஒரே ஒரு சொல். அது ராணியின் சொந்தக் கையெழுத்து என்றே சில அறிஞர்கள் கருதுகிறார்கள். வரிச்சலுகை கொடுத்து ஆள் பிடிக்கத் தெரிந்த பெண் அவள்! படத்தில் அவள் பேனா பிடித்து நான் பார்க்கவில்லை. குளியல் தொட்டியில்தான் அதிகம் பார்த்தேன்.

ஜெகதளா தம்பி

டீச்சர், படம் பார்க்கப் போனீங்களா, பரீட்சைத் தாள் திருத்தப் போனீங்களா?

வெண்கலக் காசில் என்ன எழுதியிருந்தது என்று காட்டினால் யார் டிக்கெட் எடுப்பார்கள்? நீங்கள் சொன்ன அந்த ஊர்வலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கிடையாது. நிற்கிற ஒவ்வொரு தலையும் நிஜத் தலை. ரோம் நகரத்து மன்றத்தை நிஜத்தைவிடப் பெரிதாகக் கட்டி, அதில் ஆயிரக்கணக்கான பேரை நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் துணி தைத்துப் போட்டிருக்கிறார்கள். இப்போதைய சரித்திரப் படங்களில் முன்வரிசை இருபது பேர் மட்டும் மனுஷன், பின்னால் நிற்பதெல்லாம் ஒரே ஆள் திரும்பத் திரும்ப. கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

ராணி என்றால் ராணி மாதிரி வர வேண்டும். வந்தாள். நான் அந்தக் காட்சியை மட்டும் போனில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அலுக்கவே இல்லை.

கேத்தி பாலாடா

ஒரே ஒரு சந்தேகம். நாலு மணி நேரம் என்றால் சின்னப் பிள்ளைகள் உட்காருமா? வீட்டில் ரெண்டு வாலு இருக்கிறது.

இந்து நகர் பழசு

டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் திரையில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலைக் காலம் முழுக்க பிலிமோடு கிடந்தவன். 1967இல் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை, இன்றைக்கு பூட்டிக் கிடக்கிறது. வெள்ளி உப்பையும் ஜெலட்டினையும் கலந்து பிலிமில் பூசுகிற வேலை கும்மிருட்டில் நடக்கும். பக்கத்தில் நிற்பவனைக் குரலை வைத்துத்தான் தெரியும். அந்த இருட்டில் நின்றவர்களுக்கு ஒரு அடி பிலிம் வீணானாலே வயிறு எரியும். இந்தப் படத்தின் கதை எங்களுக்குப் பேய்க்கதை.

1960இல் இங்கிலாந்தில், பைன்வுட் ஸ்டூடியோவில் ஆரம்பித்தார்கள். அங்கே ராணியின் தலைநகரான அலெக்சாண்ட்ரியாவையே கட்டினார்கள். எகிப்து வெயில் அடிக்க வேண்டிய இடத்தில் மழையும் குளிரும். நம் ஊரில் ஷூட்டிங் யூனிட்டுகள் மேகம் இறங்கியதும் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மாதக்கணக்கில் அதே கதை. டெய்லருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. 1961 மார்ச்சில் நிமோனியா முற்றி, மூச்சு விடத் தொண்டையில் துளை போட்டார்கள். அந்தத் தழும்பு படத்திலேயே தெரியும். கழுத்தில் நகை இல்லாத குளோசப் வரும்போது பாருங்கள். முதல் இயக்குநர் ரூபன் மமூலியன் அதற்குள் விலகிவிட்டார். 70 லட்சம் டாலர் செலவழித்துக் கையில் இருந்தது பத்து நிமிஷப் படம். அதையும் பயன்படுத்த முடியாமல் தூக்கிப் போட்டார்கள்.

பிறகு புது இயக்குநராக மான்கிவிச் வந்தார். மொத்தக் கடையையும் ரோமுக்கு மாற்றி, சினிசிட்டா ஸ்டூடியோவில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். அப்போதும் முழுத் திரைக்கதை கிடையாது. மனிதர் பகலில் ஷூட்டிங், ராத்திரியில் மறுநாள் காட்சியை எழுதுவது என்று ஓட்டினார். எழுதி முடிக்காததால் கதை வரிசையாகவே எடுக்க வேண்டியிருந்தது. அதனால் சும்மா இருந்த நடிகர்களுக்கெல்லாம் வாரக்கணக்கில் சம்பளம் போனது. முதலில் போட்ட திட்டம் 20 லட்சம் டாலர், கடைசியில் வந்து நின்றது 4 கோடியே 40 லட்சம். அன்றைய மாற்று மதிப்பில் நம் காசுக்கு ஏறக்குறைய 21 கோடி ரூபாய்! படத்தை எடுத்த ஃபாக்ஸ் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸில் தன் ஸ்டூடியோ நிலத்தையே விற்றது. அந்த இடம்தான் இன்றைய சென்சுரி சிட்டி.

இனி டீச்சர் விஷயம். மான்கிவிச் எடுக்க நினைத்தது ரெண்டு படம். மூணு மணி நேரத்தில் சீசரும் கிளியோபாட்ராவும், இன்னொரு மூணு மணி நேரத்தில் ஆண்டனியும் கிளியோபாட்ராவும். ஆனால் படப்பிடிப்பு நடக்கும்போதே டெய்லருக்கும் ஆண்டனியாக நடித்த பர்ட்டனுக்கும் காதல். ரெண்டு பேருமே வேறு இடத்தில் கல்யாணம் ஆனவர்கள். உலகத்துப் பத்திரிகை எல்லாம் அதையே எழுதிற்று, வத்திக்கான் பத்திரிகையில்கூடத் திட்டி வந்தது. அந்த ஜோடியைப் பார்க்கத்தான் ஜனம் வரும் என்பது கம்பெனிக்குத் தெரியும். சீசர் படத்தை முதலில் விட்டால் அதில் பர்ட்டனுக்கு வேலை குறைவு. ஆண்டனி படம் வருவதற்குள் அந்தப் பரபரப்பு ஆறிப்போகும். கம்பெனித் தலைவராகத் திரும்பி வந்திருந்த ஸானுக் ஒரே படமாகத்தான் வரும் என்றார். ஆறு மணி நேரச் சரக்கை நாலுக்குக் குறைத்து 1963 ஜூனில் நியூயார்க்கில் திரையிட்டார்கள், பிறகு ஊர் ஊராகப் போன பிரதியை மூணே கால் மணிக்குக் குறைத்தார்கள். எதை வெட்டினாலும் ஜோடி சேர்ந்து நிற்கும் காட்சியை வெட்ட மனசு வருமா? ராணியின் அரசாட்சி எங்கே என்று டீச்சர் தேடினால் இப்படித்தான், கிசுகிசு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஒரு வேடிக்கையும் உண்டு. தம்பி திரும்பத் திரும்பப் பார்க்கும் அந்த ஊர்வலத்தை எடுக்கும்போது டெய்லருக்கு நடுக்கமாம். பத்திரிகையில் இவ்வளவு திட்டு வந்திருக்கிறதே, ரோமாபுரிக் கூட்டம் கல்லெடுத்து அடிக்குமோ என்று. சிலை உள்ளே வந்தது. கூட்டம் கிளியோபாட்ரா என்று கத்தவில்லை. லிஸ், லிஸ் என்று கத்தி முத்தத்தைப் பறக்கவிட்டது.

ஜெகதளா தம்பி

பழசு சார், இதைப் படித்ததும் அந்தக் காட்சி இன்னும் பிடித்துவிட்டது. கம்பெனி தேறியதா, மூழ்கியதா?

இந்து நகர் பழசு

1963இல் அமெரிக்காவில் அதிகம் வசூலித்த படமே இதுதான். அப்படியும் போட்டதை எடுக்க முடியவில்லை. 1966இல் தொலைக்காட்சி உரிமையை 50 லட்சம் டாலருக்கு விற்ற பிறகுதான் கணக்கு நேரானது. ஆஸ்கரில் ஒன்பது பிரிவில் பெயர் வந்தது, நாலு கிடைத்தது: ஒளிப்பதிவு, கலை, உடை, தந்திரக் காட்சி. கவனியுங்கள், நாலும் கண்ணுக்கானவை. நடிப்புக்குச் சீசராக நடித்த ஹாரிசன் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது, கிடைக்கவில்லை.

குந்தா மழை

எனக்குப் பாதியில் தூக்கம் வந்துவிட்டது. ஆண்டனி குடிக்கிறார், அழுகிறார், கத்துகிறார், மறுபடி குடிக்கிறார். ஹாரிசன் இருந்தவரை வசனத்தில் ஒரு கூர்மை இருந்தது. அவர் போனதும் போயிற்று. சீசர் கொலையை ராணி தீச்சுவாலையில் பார்ப்பதாக எடுத்திருக்கிறார்களே, வசனமே இல்லாமல், படத்தில் உருப்படியாகக் கற்பனை செய்த இடம் அது ஒன்றுதான். டீச்சர் சொன்ன மாதிரி, பஸ் பிடிக்கப் போனவர்கள் பாக்கியசாலிகள்.

மேட்டுப்பாளையத்தான்

மலையிலிருந்து கீழே இறங்கி வந்தால் இந்தக் கதையின் மிச்சம் கிடைக்கும், அதைச் சொல்லலாம் என்று வந்தேன்.

ஆக்டியம் கடல் போர் கி.மு. 31. அடுத்த வருஷம் ஆண்டனியும் ராணியும் இறக்கிறார்கள், எகிப்து அவர்களை வென்ற ரோமானியத் தலைவர் ஆக்டேவியன் கைக்குப் போகிறது. அவர்தான் பிறகு அகஸ்டஸ். எகிப்து கிடைத்ததால் செங்கடல் துறைமுகங்களும் ரோமுக்குக் கிடைத்தன. கொஞ்ச காலத்திலேயே மையோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து 120 கப்பல் வரை இந்தியாவுக்குப் போகிறது என்றும், ராணியின் வம்சத்து டாலமி ராஜாக்கள் காலத்தில் ஒரு சிலர்தான் அந்தத் துணிச்சல் காட்டினார்கள் என்றும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கப்பல்கள் வந்தது மிளகுக்கும் முத்துக்கும் நம் கொங்கு நாட்டுப் பச்சைக் கல்லுக்கும். காங்கேயம் பக்கத்துப் படியூரில் தோண்டிய கல், கொடுமணலில் பட்டை தீட்டிய மணி. பதிலுக்கு வந்த காசுகள்தான் கரூர், வெள்ளலூர், பொள்ளாச்சி என்று பானை பானையாகக் கிடைத்தன. அவற்றில் அகஸ்டஸ், திபேரியஸ் தலைகள்தான் நிறைய. பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் யவனர் கலம் என்று அகநானூறு சொல்வது இந்தப் போக்குவரத்தைத்தான். இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியது பின்னாடி.

ஆக, படத்தில் அவள் தோற்கிறாளே, அந்தத் தோல்வி நடந்த பிறகுதான் நம் பக்கத்துக் கப்பல் போக்குவரத்து பெருகியது.

இன்னொன்று. ஆண்டனி காலம் முடிகிற சமயம், சீசருக்குப் பிறந்த மகன் சிசேரியனை நிறையப் பொருளோடு எத்தியோப்பியா வழியாக இந்தியாவுக்கு அனுப்பினாள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் புளூடார்க். பையன் வந்து சேரவில்லை. நாட்டைக் கொடுப்பார்கள் என்று நம்பவைத்துத் திரும்ப வரவழைத்து ஆக்டேவியன் கொன்றுவிட்டார். ஊர்வலத்தில் ஸ்பிங்ஸ் மேல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே பையன். வந்திருந்தால் எந்தத் துறையில் இறங்கியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக, கம்பளத்தில் சுருட்டிக்கொண்டு வந்து சீசர் காலடியில் உருட்டிவிடும் காட்சி. புளூடார்க் சொல்வது படுக்கை கட்டும் பை. அப்பல்லோடோரஸ் என்ற ஆள் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறான். கம்பளம் பிற்காலத்துக்காரர்கள் விரித்தது.

லயத்துப் பொண்ணு

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. எல்லோரும் அந்த ஊர்வலத்தைப் பற்றியே பேசுவதால் ஒன்று சொல்லத் தோன்றியது.

எங்கள் வீட்டில் நானும் அம்மாயியும் சேர்ந்துதான் பார்த்தோம். அம்மாயி கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தப் படம் வந்த அடுத்த வருஷம், 1964இல், சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள் இல்லையா, அந்த ஒப்பந்தத்தில் தலைமன்னார் வந்து கப்பலேறி, இங்கே டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கிய கூட்டம் நாங்கள். அம்மாயிக்கு இங்கிலீஷ் தெரியாது. கதை கேட்கவும் இல்லை. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த ஸ்பிங்ஸ் வந்ததும் கேட்டது: "இழுக்கிறவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தாங்களாடி?"

அதற்குப் பிறகு எனக்கு அவள் கண் சிமிட்டியதெல்லாம் கண்ணில் படவில்லை. கயிறுதான் தெரிந்தது. கயிற்றை மார்பில் போட்டு முன்னால் சாய்ந்து இழுப்பார்கள், பாருங்கள். கொழுந்து மூட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு மேடு ஏறும்போது உடம்பு அதே கோணத்தில்தான் சாயும். கேமரா அவர்கள் முகத்துக்குப் போகவே இல்லை. 65 உடையை எண்ணியிருக்கிறீர்கள், 4 கோடி டாலரை எண்ணியிருக்கிறீர்கள். டீச்சர் அரசாட்சி எங்கே என்று கேட்டார்கள். எனக்கு அது அங்கே தெரிந்தது.

படம் பிடிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. கடைசிக் காட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. ராணி செத்துக் கிடக்கிறாள், தோழி சார்மியன் சாகிற நிலையில் இருக்கிறாள். உன் எஜமானி செய்தது சரியா என்று ரோமானியன் கேட்கிறான். சரிதான், இத்தனை அரசர்கள் வழியில் வந்தவளுக்கு இதுவே தகும் என்று சொல்லிவிட்டுச் சாகிறாள். இவ்வளவு பெரிய படத்தின் கடைசிப் பேச்சு ஒரு வேலைக்காரிக்குக் கிடைத்ததே, அதுவே பெரிசு.

ஜெகதளா தம்பி

அக்கா, அது நடிப்புதானே. இழுத்தவர்கள் எல்லாம் சம்பளம் வாங்கிய துணை நடிகர்கள். ரோமாபுரிக்காரர்கள்.

லயத்துப் பொண்ணு

தெரியும் தம்பி. சம்பளம் வாங்கிக்கொண்டு இழுப்பதைப் பற்றித்தான் நாங்களும் பேசுகிறோம்.

பேரகணி

ஊர்வலம் என்றதும் ஒரு வார்த்தை. எங்கள் படுகர் திருவிழாவான ஹெத்தை ஹப்பத்தில் அத்தனை ஊர் ஜனமும் வெள்ளை உடுத்திச் செருப்பில்லாமல் நடந்து வரும். தங்கமும் இருக்காது, புகையும் இருக்காது. ஹெத்தை எங்களுக்கு ராணி இல்லை, பாட்டி. ஆனால் மேட்டிலிருந்து அந்தக் கூட்டம் இறங்கி வரும்போது உடம்பு சிலிர்க்கும். ரோம் காட்சியில் எனக்குச் சிலிர்க்கவில்லை, வாய் பிளந்துதான் பார்த்தேன். பார்க்க வந்த கூட்டத்துக்கும் கும்பிட வந்த கூட்டத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. படம் எடுத்தவர்களும் அதைத் தெரிந்துதான் எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ரோமானியர்கள் அவளை வேடிக்கைதானே பார்த்தார்கள்.

மிளிதேன் டீச்சர்

லயத்துப் பொண்ணு எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வாத்தியார் கூட்டத்தில் வாசித்தும் காட்டினேன். அம்மாயிக்கு என் வணக்கம்.

அவர் கேட்டது சரித்திரத்துக்குள்ளும் சரியாகப் பொருந்துகிறது. கி.மு. 50 அக்டோபரில் ஓர் அரசாணை. பட்டத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், பஞ்சம். மத்திய எகிப்தில் வாங்கும் தானியம், பருப்பு எதுவானாலும் அலெக்சாண்ட்ரியாவுக்குத்தான் போக வேண்டும், வேறு எங்காவது கொண்டுபோனால் மரண தண்டனை. காட்டிக்கொடுப்பவனுக்கு வெகுமதி. தலைநகரத்தில் கலகம் வந்தால் பட்டம் போய்விடும், கிராமம் பட்டினி கிடந்தால் சத்தம் கேட்காது. வரி தாங்காமல் குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போவது அந்த நாட்டில் பழைய வழக்கம். ஒன்பது வருஷம் கழித்து, கி.மு. 41இல், இன்னோர் ஆணை: விவசாய வேலை செய்யும் அலெக்சாண்ட்ரியக் குடிமக்களிடம் உள்ளூர் அதிகாரிகள் முறையில்லாத வரி பிடுங்கக் கூடாது. பாருங்கள், அங்கேயும் பாதுகாப்பு தலைநகரத்து ஆட்களுக்கு.

நடுவில் நைல் பொய்த்ததற்கு அவள் காரணமில்லை. கி.மு. 43இல் அலாஸ்காவில் ஒக்மொக் என்ற எரிமலை பெரிதாக வெடித்தது. அந்தச் சாம்பலைத் துருவப் பனியில் கண்டுபிடித்து 2020இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். உலகம் குளிர்ந்து, மழை மாறி, நைல் வெள்ளம் குறைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. எங்கோ பனிநாட்டில் மலை வெடிக்கிறது, எகிப்தில் கோதுமை இல்லை, ராணி கிடங்கைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறாள். இதைவிடப் பெரிய காட்சி சினிமாவுக்கு வேண்டுமா? தம்பி, இதற்கும் கூட்டம் காட்டலாம். கிடங்கு வாசலில் நிற்கிற கூட்டம்.

அவளை நல்லவளாகக் காட்டச் சொல்லவில்லை. கெட்டிக்காரியாகவும் இரக்கமில்லாதவளாகவும் இருந்த ஓர் அரசியை, காதலில் விழுந்து கெட்டவளாக ஆக்கிவிட்டார்களே என்பதுதான் என் ஆதங்கம். ஆண்டனியோடு அவளுக்கு மூன்று பிள்ளைகள். இரட்டையர் ஒரு ஜோடி, அப்புறம் ஒரு பையன். படத்தில் மூவரும் இல்லை. காதலிக்குப் பிள்ளைகள் இடைஞ்சல் போல. இரட்டையரில் பெண், கிளியோபாட்ரா செலினி, பின்னால் வட ஆப்பிரிக்காவில் மௌரிடானியா நாட்டு ராணியானாள். கதை அவளோடு தொடர்ந்தது.

நம் பக்கத்திலும் ஒருத்தி உண்டு. மதுரையில் 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆண்ட ராணி மங்கம்மாள். சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள், படை அனுப்பினாள், கப்பமும் கட்டினாள். அவள் பெயரில் இன்றும் சாலைகள் இருக்கின்றன. அவளைப் பற்றி இவ்வளவு செலவில் ஒரு படம் எடுத்தால் அதிலும் நகைதான் வரும், சாலை வராது என்று பயமாக இருக்கிறது.

குந்தா மழை

அதற்கும் ஒரு குத்துப்பாட்டு வைப்பார்கள். விடுங்கள் டீச்சர்.

மேட்டுப்பாளையத்தான்

டீச்சரோடு ஓரளவு ஒத்துப்போகிறேன், ஆனால் படத்துக்காகவும் ஒரு வார்த்தை. அலெக்சாண்ட்ரியாவில் புத்தகங்கள் எரியும்போது அவள் சீசர் இருக்கும் இடத்துக்கே போய்ச் சத்தம் போடுகிறாள் இல்லையா? அலெக்சாண்டர் கல்லறை முன்னால் நின்று, உலகம் முழுக்க ஒரே நாடாக வேண்டும் என்று பேசுகிறாள். அங்கெல்லாம் அவள் அரசிதான். மான்கிவிச்சுக்கு அவளுடைய மூளை தெரிந்திருக்கிறது. புளூடார்க்கே அவள் அழகு அப்படியொன்றும் ஒப்பில்லாதது இல்லை, பேச்சில்தான் மயக்கினாள், அவள் வம்சத்தில் எகிப்திய மொழியைப் படித்த முதல் ஆள் அவள்தான் என்கிறார். முதல் பாதி எழுதியவருக்கு இது நன்றாகத் தெரியும். ரெண்டாம் பாதியில்தான் ராணியை விட்டுவிட்டு எலிசபெத் டெய்லரைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

அந்த ஊர்வலம் நுழையும் வளைவு கான்ஸ்டன்டைன் வளைவின் ஜாடை. அது கட்டியது கி.பி. 315இல். முன்னூற்றைம்பது வருஷம் முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். சரி, போகட்டும்.

கேத்தி பாலாடா

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மிளிதேன் டீச்சர்

சொல்கிறேன். முழுப்படம் வேண்டாம், வாலுகள் உட்காராது. நான் வகுப்புக்கு மூன்று துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். புத்தகம் எரிகிற காட்சி, ரோம் ஊர்வலம், ஆண்டனியைச் சந்திக்க டார்சஸ் ஊருக்கு அவள் படகில் வரும் காட்சி. ஊர்வலத்தை ரெண்டு தடவை போடப்போகிறேன். முதல் தடவை சும்மா பார்க்கட்டும். ரெண்டாவது தடவை அவளைப் பார்க்காமல் மற்றவர்களை மட்டும் பார்த்து, யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று எழுத வேண்டும். அதன் பிறகு அந்தத் தானிய ஆணையைத் தமிழில் எழுதிக் கொடுத்து, நீ ராணியாக இருந்தால் இதில் கையெழுத்துப் போடுவாயா என்று கேட்பேன். போடுவேன் என்று சொல்கிற பிள்ளையிடம் காரணம் கேட்பேன். மாட்டேன் என்று சொல்கிற பிள்ளையிடம், அலெக்சாண்ட்ரியாவில் கலகம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பேன்.

ஜெகதளா தம்பி

நான் போட்டுவிடுவேன் டீச்சர். தலைநகரம் போனால் எல்லாம் போச்சு.

லயத்துப் பொண்ணு

நீ எந்த ஊர்க்காரன் என்று வைத்துக்கொண்டு சொல்கிறாய்?

இந்து நகர் பழசு

சண்டை நடக்கட்டும். வகுப்புக்குப் போடப்போவதால் டீச்சருக்கு ஒரு தகவல். பழைய பிரதியை எங்கிருந்தாவது எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து ஈஸ்ட்மன் பிரிண்டில் நாளானால் நீலமும் பச்சையும் போய்ச் சிவப்பு மட்டும் நிற்கும். நான் வாலிபத்தில் கோயம்புத்தூரில் பார்த்தது அப்படி ஒரு பிரதி. ராணி, கடல், யானை எல்லாமே ரோஜா நிறம். இது 65 மில்லிமீட்டர் நெகட்டிவில் எடுத்த படம். அதிலிருந்து சரிசெய்த பிரதியை ஐம்பதாம் ஆண்டுக்கு 2013இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். கடையில் கேட்கும்போது நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறதா என்று பாருங்கள். மூணே கால் மணி என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சரியான பிரதியில் அந்தக் கயிறு இழுக்கிறவர்களின் முதுகுகூடத் தனித்தனியாகத் தெரியும், உங்கள் பிள்ளைகள் எண்ணலாம்.